குளத்தங்கரை ரயில்: தை மாதம் அப்பாவோடு எந்தப் பாதையில் போகலாம்?

கடனாநதி | கார்த்திகை 20

எல்லோருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 79 வயது. ஆழ்வார்குறிச்சிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் கல்கத்தாவுக்கு வேலைக்குப் போனவர். நாங்கள் பிறந்தது, படித்தது எல்லாம் அங்கேதான். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஒடிசாவில் பாலுகாவ், ரம்பா நிலையங்களுக்கு நடுவே சிலிக்கா ஏரி ஜன்னலோரம் வரும். கரையே தெரியாத தண்ணீர். பெட்டியில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் அந்தப் பக்கம் ஓடிவிடுவோம். அப்பா மட்டும் இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டார். "உப்புத் தண்ணீர். இதை வைத்து ஒரு மரக்கால் நெல் விளைவிக்க முடியுமா? திருநெல்வேலியில் வண்டி மாறியதும் பார், குளம் என்றால் என்ன என்று காட்டுகிறேன்" என்பார். செங்கோட்டை வண்டியில் ஏறுவதற்குள் நாங்கள் தூங்கிப்போயிருப்போம். அவர் காட்டியதை நான் ஒருமுறைகூட ஒழுங்காகப் பார்க்கவில்லை.

இப்போது அப்பா அதிகம் பேசுவதில்லை. மழைக்காலம் வந்தால் மட்டும் "அங்கே குளம் பெருகியிருக்குமா?" என்று கேட்கிறார். தை மாதம் ஒரு வாரம் அழைத்து வருகிறேன். இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து வர அவரால் முடியும். தண்ணீரை ஒட்டிப் போகும் பாதை எது? செங்கோட்டையா, திருச்செந்தூரா? எந்தப் பக்கத்து ஜன்னல்?

பகவதிபுரம் | கார்த்திகை 20

அண்ணே, செங்கோட்டையோடு நின்றுவிடாதீர்கள். அங்கிருந்து புனலூர் வரை மலை ஏறி இறங்குங்கள். 1904 முதல் பயணிகள் ரயில் ஓடிய பாதை. 2010இல் மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தினார்கள், 2018இல்தான் அகலப் பாதையாகத் திரும்பியது. பகவதிபுரம் தாண்டினால் ஆரியங்காவுக் குகை, பிறகு கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம். கருங்கல் வளைவுகளுக்குக் கீழே சாலையும் ஆறும். ஏற்றத்துக்காகப் பின்னால் இன்னோர் எஞ்சின் தள்ளிக்கொண்டு வரும். இந்தப் பாதைக்குக் கண்ணாடிக் கூரை வைத்த பெட்டி ஒன்று வேண்டும் என்று நான் பல காலமாகச் சொல்லிவருகிறேன்.

உண்மையான ஏரிதான் வேண்டும் என்றால் கொல்லத்துக்கே போய்விடுங்கள். பெரிநாடு, மன்றோதுருத்து நிலையங்களுக்கு நடுவே ரயில் அஷ்டமுடிக் காயலைக் கடக்கிறது. 1988 ஜூலையில் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த பெருமண் பாலம் அதுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறினால் மலை முழுவதையும் இருட்டு தின்றுவிடும். மதுரை–குருவாயூர் வண்டி பகலில் ஏறுகிறது.

பிசானம் | கார்த்திகை 21

தம்பி பகவதிபுரம், மலையோடு எனக்கு வழக்கு எதுவும் இல்லை. ஆனால் அவர் கேட்டது குளத்தை. அவருடைய அப்பா சிலிக்காவை வேண்டாம் என்று ஒதுக்கியவர். அஷ்டமுடியும் உப்பேறிய காயல்தானே, அவருக்கு அதைக் காட்டி என்ன ஆகப் போகிறது?

நான் வீரவநல்லூர்ப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பயிர் செய்கிறவன். ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். செங்கல்பட்டுப் பக்கம் ஏரி என்பார்கள், மதுரை, இராமநாதபுரம் பக்கம் கண்மாய் என்பார்கள், நமக்குக் குளம். திருச்செந்தூர்ப் பாதையில் தாதன்குளம், நாகர்கோவில் பாதையில் செங்குளம் என்று ரயில் நிலையங்களே குளத்தின் பெயரில் நிற்கின்றன. நிரம்பிய குளம் வழிந்து வெளியேறும் இடத்துக்கு மறுகால் என்று பெயர். அந்தப் பெயரோடு நாங்குநேரிப் பக்கம் மறுகால்குறிச்சி என்று ஓர் ஊரே இருக்கிறது. தண்ணீர் நம் ஊர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறது.

அடுத்தது காலம். இதைத்தான் யாரும் சொல்வதில்லை. சிலிக்கா எந்த மாதம் போனாலும் இருக்கும். நம் குளம் அப்படி இல்லை. அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் 1 வாக்கில் பாபநாசத்திலிருந்து கார் பருவ நெல் சாகுபடிக்குத் திறப்பார்கள், அது ஆற்றுக்கால் வயல்களுக்கு ஓடிவிடும். குளங்கள் பெருகுவது ஐப்பசி, கார்த்திகை மழையில். அந்தத் தண்ணீரில் நடுவதுதான் பிசானம். மார்கழியிலும் தையிலும் ஒரு பக்கம் குளம் நிறைந்து கிடக்கும், மறு பக்கம் அதே தண்ணீர் பயிராக நிற்கும். மாசியில் அறுப்பு. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வருகிறவர்கள், குளத்தின் தரை வெடித்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு "இங்கே எங்கே ஏரி?" என்று கேட்கிறார்கள். ஐயா, நீங்கள் மதியம் சாப்பிட்டது அந்தத் தண்ணீரைத்தான்.

கடனாநதி, நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் சரி. திருநெல்வேலி–செங்கோட்டை சாதாரண பயணி ரயிலில் காலையில் ஏறுங்கள். செங்கோட்டை நோக்கிப் போகும்போது மலை இடது கைப்பக்கம். வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்து மலைமேல் விழும். குளங்கள் இரண்டு பக்கமும் மாறி மாறி வரும்.

நவதிருப்பதி | கார்த்திகை 21

பிசானம் அண்ணாச்சி சொன்ன மாதக் கணக்கு முழுவதும் சரி. ஆனால் திருச்செந்தூர்ப் பாதையை ஒரு வரியில் விட்டுவிட்டீர்கள். 1923இல் போட்ட பாதை, நூறு ஆண்டு கண்டுவிட்டது. திருநெல்வேலியைவிட்டதும் தாமிரபரணியைக் கடந்து பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், தாதன்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று ஆற்றின் தென்கரை வட்டாரத்தில் போகிறது. ஆறு இடது பக்கம். நெல், வாழை, அதற்கு நடுவே குளம், குளத்துக்கு அப்பால் கோபுரம். குரும்பூர் தாண்டியதும் பனை தொடங்கும், ஆறுமுகநேரியில் உப்பளம், கடைசியில் கடல். மலைத் தண்ணீர் கடலுக்குப் போகும் வழி முழுவதையும் சுமார் அறுபது கிலோமீட்டரில் பார்த்துவிடலாம்.

நான் ஸ்ரீவைகுண்டத்துக்காரி. 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட வண்டி எங்கள் நிலையத்தில் நின்றது. அந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. குளங்கள் உடைந்து தண்ணீர் பாதைமேல் ஏறிவிட்டது. வண்டியில் சுமார் 800 பேர். ஒரு பகுதியினரைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள், மற்றவர்கள் நிலையத்திலேயே. சாலை இல்லை, மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. சுற்றியிருந்த ஊர்க்காரர்களின் வீடுகளுக்குள்ளும் தண்ணீர் நின்றது, இருந்தும் கோயிலில் அடுப்பு மூட்டிச் சோறாக்கிப் போட்டார்கள். 19ஆம் தேதிதான் எல்லோரும் வெளியேற முடிந்தது. அந்த நாட்களுக்குப் பிறகு, நிறைந்த குளத்தை ஜன்னலில் பார்க்கும்போது அழகு என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் போதவில்லை. அப்படியும் நான் அந்த ஜன்னலோரத்தைத்தான் தேடி உட்காருகிறேன்.

கீமேன் | கார்த்திகை 22

நவதிருப்பதி அம்மா சொன்ன இரவைப் பற்றி ரயில்வேக்காரன் ஒருவன் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் தண்டவாளப் பராமரிப்பில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன்.

அன்றைக்கு வண்டியை ஸ்ரீவைகுண்டத்தைவிட்டு அனுப்பாமல் நிறுத்தியதுதான் அத்தனை உயிரையும் காத்தது. அதற்கு அப்பால் செய்துங்கநல்லூர்ப் பக்கம் வெள்ளம் ஜல்லியையும் மண்ணையும் அரித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இருட்டில் ஓட்டுநர் கண்ணுக்கு அது தெரியாது. தண்டவாளம் தொடர்ச்சியாக இருப்பதுபோலவே தோன்றும், கீழே தாங்க ஒன்றும் இருக்காது.

ரயில்வேயில், பாதையைப் பாதிக்கக்கூடிய குளங்கள் என்று தனியாகவே ஒரு பட்டியல் உண்டு. மேட்டில் இருக்கும் எந்தக் குளம் உடைந்தால் எந்தப் பாலத்துக்கு ஆபத்து என்று குறித்து, மழைக்கு முன் அந்தக் கரைகளை அரசு அலுவலர்களோடு சேர்ந்து பார்வையிட வேண்டும். ஏன் என்றால் ஒரு சிறு பாலத்தின் கண், வழக்கமான ஓடைத் தண்ணீருக்குத்தான் கட்டப்பட்டிருக்கும். குளம் உடைந்து ஒரே மூச்சில் வந்தால் அது தாங்காது. 2005 அக்டோபரில் ஆந்திராவில் வலிகொண்டா அருகே அப்படித்தான் ஒரு சிறு பாலம் போய், நூறு பேருக்குமேல் இறந்தார்கள். 1956 நவம்பரில் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வந்த வண்டி அரியலூர் மருதையாற்றில் விழுந்ததை எங்கள் அப்பா காலத்து ஆட்கள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த விபத்துக்குப் பொறுப்பேற்றுத்தான் லால் பகதூர் சாஸ்திரி அமைச்சர் பதவியிலிருந்து விலகினார்.

ஐப்பசி முதல் மார்கழி வரை இரவு ரோந்து. இந்த நிலையத்திலிருந்து ஒருவர், அந்த நிலையத்திலிருந்து ஒருவர், விளக்கும், ஆபத்தென்றால் வண்டியை எச்சரிக்கத் தண்டவாளத்தில் வைக்கும் வெடியும், கொடியும் எடுத்துக்கொண்டு நடந்து, நடுவில் சந்தித்து, ரோந்துப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்புவோம். கொட்டும் மழையில் குளத்து ஓரம் நடக்கும்போது தவளைச் சத்தம் இருந்தால் எனக்குத் தைரியம். சத்தம் அடங்கி, தண்ணீர் இரைச்சல் மட்டும் கேட்டால் நின்று பார்ப்பேன். இது விதிப் புத்தகத்தில் இல்லை, என் அனுபவம்.

பகவதிபுரம் | கார்த்திகை 22

ஐயா, படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நன்றி. இருந்தாலும் கண்ணாடிப் பெட்டி வேண்டும் என்பதை நான் விடவில்லை. வெளியூர்க்காரர்கள் வந்தால்தானே இந்தப் பாதைக்குப் பகல் நேர வண்டிகள் கூடும்?

பிசானம் | கார்த்திகை 22

பகல் வண்டி கூடட்டும், அதில் நானும் உன் கட்சி. ஆனால் திறக்க முடியாத கண்ணாடி வேண்டாம் தம்பி. பயிர் பூட்டை விரியும், அதாவது கதிர் விடும் நேரத்தில் காற்றில் ஒரு பால் மணம் வரும். சேர்மாதேவிக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவே, தை முதல் வாரத்தில், ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் மட்டும் கிடைக்கும். அதற்குக் கட்டணம் வசூலிக்க யாராலும் முடியாது.

அரிவாள்மூக்கன் | கார்த்திகை 23

தை என்றால் பறவைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரயில் வேகத்திலும் அடையாளம் தெரிபவை: கறுப்பு உடம்பும் வெள்ளை நெற்றியுமாகக் கூட்டமாக மிதப்பது நாமக்கோழி. கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்துவது பாம்புத்தாரா. பட்டுப்போன கருவேல மரத்தில் சிறகை விரித்துக் காய்வது நீர்க்காகம். குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களை வெட்டியெறிய வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். சீமைக்கருவேலம் வேறு, நாட்டுக் கருவேலம் வேறு. நாட்டுக் கருவேலத்தில்தான் நாரையும் கொக்கும் கூடு கட்டுகின்றன.

2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. தன்னார்வலர்கள் குளம் குளமாகப் போய் எண்ணுகிறோம். ஒரு முறை நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ரயில் போனது. மேய்ந்துகொண்டிருந்த அரிவாள்மூக்கன்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. ஆனால் யாரோ ஜன்னலிலிருந்து எறிந்த தண்ணீர்ப் புட்டி விழுந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து போய்விட்டது.

நேரம் இருந்தால் நாங்குநேரி வட்டத்தில் கூந்தன்குளம் போங்கள். ரயில் அங்கே போகாது. 1994இல் சரணாலயமாக அறிவித்தார்கள். அதற்கு வெகு முன்பிருந்தே அந்த ஊர் மக்கள் வீட்டு வாசல் மரங்களில் நாரைகளைக் கூடு கட்டவிட்டு, தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் காப்பாற்றி வருகிறார்கள்.

பிசானம் | கார்த்திகை 23

அந்தப் புட்டியைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். ரயில் ஓரத்து ஓடை எல்லாம் ஏதாவது ஒரு குளத்தில்தான் சேருகிறது. பொட்டலமும் புட்டியும் மடையில் வந்து அடைத்துக்கொள்ளும். போன பிசானத்தில், வயல் காய்ந்துகொண்டிருக்க, மடைக்குள் மூச்சடக்கி இறங்கி நான் கையால் இழுத்து எடுத்தது ஒரு கோணி நிறைய. அதோடு சாக்கடை கலந்து, அமலைச் செடி மூடிய குளங்களும் இந்தப் பாதையில் உண்டு. அப்பா அதைப் பார்த்து வருந்தக்கூடும். முன்கூட்டியே சொல்லி அழைத்து வாருங்கள், மறைக்க வேண்டாம்.

கடனாநதி | கார்த்திகை 24

இவ்வளவு கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முன்பதிவில்லாத பெட்டியில் வயதானவருக்கு ஜன்னலோரம் கிடைக்குமா?

நவதிருப்பதி | கார்த்திகை 24

வண்டி புறப்படும் இடத்திலேயே ஏறுங்கள், அரை மணி நேரம் முன்னதாக. பொங்கல் நாட்களையும் தைப்பூசத்தை ஒட்டிய நாட்களையும் விட்டுவிடுங்கள். நேரத்தை அந்த வாரமே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கடனாநதி | தை 11

போய் வந்துவிட்டோம். உங்கள் எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

காலை வண்டி, இடது ஜன்னல். பேட்டை தாண்டும்வரை அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சேர்மாதேவியில் ஆற்றுப் பாலத்தின் சத்தம் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் பேசியதை நான் ஓர் ஆண்டில் கேட்டதில்லை. பத்தமடைப் பாய்க்குக் கோரை எங்கே அறுப்பார்கள் என்று சொன்னார். காருகுறிச்சியில் வண்டி நின்றபோது, சிறுவயதில் யாரோ ஒருவர் திருமணத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தை நேரில் கேட்டதைச் சொன்னார். கல்லிடைக்குறிச்சியில் ஏறிய ஓர் அம்மா, பாவூர்சத்திரம் சந்தைக்குப் போகிறவர், அப்பாவிடம் "எந்த ஊர் அண்ணாச்சி?" என்று கேட்டார். அறுபது ஆண்டுகளாக அப்பாவை யாரும் அண்ணாச்சி என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அவர் ஊர் பெயரைச் சொன்ன குரல் எனக்குப் புதிது.

அம்பாசமுத்திரம் தாண்டி, கீழ ஆம்பூருக்குப் பிறகு, இடது பக்கம் ஒரு குளம் பாதையோடு சேர்ந்தே வந்தது. தண்ணீர் தண்டவாள மேட்டின் அடிவரை நின்றது. மலை முழுவதும் அதற்குள் தலைகீழாகக் கிடந்தது. தொலைவில் ஒருவர் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அப்பா மலையைப் பார்க்கவில்லை. "மடை எங்கே இருக்கிறது பார்" என்றார். என் தாத்தா அந்த ஊரில் நீர்பாய்ச்சி என்பது எனக்கு அன்றுதான் தெரியும். யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று முறை வைத்துத் தண்ணீர் திறந்துவிடுவது அவருடைய வேலையாம். முறை தவறிவிட்டதாக ஒரு சொல்கூட அவர்மேல் வந்ததில்லை என்று அப்பா இரண்டு தடவை சொன்னார்.

ஆழ்வார்குறிச்சியில் இறங்கி, ஆட்டோ பிடித்து அவருடைய ஊர்க் குளத்துக்கே போனோம். அங்கேதான் சங்கடம். அப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் நினைவில் இருந்த புளியமரங்கள் இல்லை. ஒரு மூலையில் அமலைச் செடி அடர்ந்திருந்தது. கரைமேல் தார்ச்சாலை. "இது நம் குளம் இல்லை, வேறெங்கோ கூட்டி வந்துவிட்டாய்" என்றார். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்போது வயலிலிருந்து வந்த ஒருவர் விசாரித்துவிட்டு, அப்பாவைக் கைபிடித்துக் கரையோரமாக நடத்திக்கொண்டு போய் மடையைக் காட்டினார். இரண்டு கல்தூண்கள், நடுவில் குறுக்குக் கல். ஒரு தூணில் கயிறு உரசி உரசித் தேய்ந்த பள்ளம். அப்பா குனிந்து அந்தப் பள்ளத்தில் விரலை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, சாஸ்தா கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

சிலிக்காவைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பும் வண்டியில் அவராகவே, "திருச்செந்தூர் வண்டியில் போனால் இந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே சேருகிறது என்று பார்க்கலாமே" என்றார். மாசியில் மறுபடியும் வர டிக்கெட் எடுத்துவிட்டேன்.

கீமேன் | தை 11

அந்தக் குளம் வரும் இடத்தில் பல மழைக்காலம் நடந்திருக்கிறேன். அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நவதிருப்பதி | தை 12

மாசித் திருவிழா நாட்களில் வண்டிக்குள் நிற்கக்கூட இடம் இருக்காது, அதற்கு முன்னதாக வாருங்கள். இடது ஜன்னல். ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கினால் அணைக்கட்டு வரை நானே அழைத்துப் போகிறேன். ஆற்றில் கடைசி அணைக்கட்டு அதுதான். வடகால், தென்கால் வாய்க்கால்கள் பிரியும் இடத்தை அப்பா பார்க்க வேண்டும்.

பிசானம் | தை 12

மாசி பத்தைத் தாண்டவிடாதீர்கள். எங்கள் பக்கம் அறுப்பு தொடங்கிவிடும், குளமும் இறங்க ஆரம்பித்துவிடும். வரும் வழியில் வீரவநல்லூரில் ஒரு நாள் இறங்குங்கள். நீர்பாய்ச்சி மகன் என்றால் எங்கள் மடையை அவரிடம் காட்டிக் கேட்க எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன.